கைபடாத டயல்

பழம்பொருள் பாதை – 9

இணைய ஏலத்தில் இரண்டு வாட்சுகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது எச்.எம்.டி. ஜனதா. கண்ணாடியின் குறுக்கே விரிசல். கேஸின் விளிம்பில் குரோம் உரிந்து பித்தளை தெரிகிறது. வெள்ளையாக இருந்த டயல் பழுப்பேறிக் கிடக்கிறது. வாரும் இல்லை, சாவி கொடுக்கும் தலையும் இல்லை. "ஓடவில்லை" என்று விற்பவர் ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிட்டார். அடுத்தது எச்.எம்.டி. பைலட். ஆரஞ்சு டயல் பளீரென்று இருக்கிறது. நடுவில் விமானப் படம், புதுத் தோல் வார், "சர்வீஸ் செய்தது, அருமையாக ஓடுகிறது" என்ற குறிப்பு. பைலட்டுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. ஜனதாவை ஒருவரும் கேட்கவில்லை.

எடுக்க வேண்டியது ஜனதாவை. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன்.

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன் வீடுகளில் பரணில் தூங்கும் பித்தளைச் சாமான்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதும், வாசகர்கள் வாட்சைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே கேள்வி. தாத்தாவின் வாட்ச் பீரோவில் ஓடாமல் கிடக்கிறது, அதே மாதிரி ஒன்று ஏலத்தில் குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இத்தனை பழைய வாட்சுகள் சேர்ந்ததற்கு முதல் காரணம் மில். ரோடியர் மில் என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகளுக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர்களின் கையில் வாட்ச் வெறும் நகையாக இருக்கவில்லை. புதுச்சேரி மில் தொழிலாளிக்கு நேரம் என்பது உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடியவர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்த மில்கள் 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டன. அந்தத் தொழிலாளிகள் கட்டிய வாட்சுகள் மட்டும் வீடுகளில் இருக்கின்றன.

இரண்டாவது, சொல்தா குடும்பங்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் புதுச்சேரி நகரத்தில் மட்டும் இல்லை, கிராமங்களிலும் உண்டு. அவர்கள் வழியாக வந்தவற்றில் பிரெஞ்சு வாட்சுகளும் இருந்தன. 'லிப்' என்று டயலில் எழுதியிருக்கும் வாட்ச் உங்கள் வீட்டில் இருந்தால், அது 1867இல் பெசான்சோன் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. 1973இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனபோது, தொழிலாளிகள் ஆலையைத் தங்கள் கையில் எடுத்து, தாங்களே வாட்ச் செய்து, தாங்களே விற்று, தங்களுக்குத் தாங்களே கூலி கொடுத்துக்கொண்டார்கள். மில் போராட்டத்தின் நினைவு இருக்கும் ஊரில் அப்படியொரு வாட்ச் கிடப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

மூன்றாவதுதான் பெரும்பான்மை: எச்.எம்.டி. 1953இல் இயந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் ஆலையைத் திறந்தது. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று ஆலைகள் பெருகின. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், பெண்களுக்குச் சுஜாதா, கல்யாண மாப்பிள்ளைக்குக் காஞ்சன். காஞ்சன் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பெயர் சொல்லிக் கேட்ட காலம் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேறியதற்கு, அரசு வேலையில் சேர்ந்ததற்கு, ஓய்வு பெற்றதற்கு என்று எல்லாவற்றுக்கும் எச்.எம்.டி.தான். பிறகு டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை அனுப்பத் தொடங்கியது. தினமும் சாவி கொடுக்கத் தேவையில்லாத, மெலிந்த, அழகான வாட்ச். சாவி வாட்சுகள் பீரோவுக்குப் போயின.

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014இலேயே வந்துவிட்டது. அதுவரை சீந்துவாரில்லாமல் கிடந்த வாட்சுக்கு அந்தச் செய்திக்குப் பிறகுதான் கிராக்கி வந்தது. கிராக்கி வந்த இடத்தில் போலியும் வந்தது.

போலி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. பழைய வாட்சின் டயலைக் கழற்றி, பழைய பெயின்டைக் கழுவி, புது நிறம் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சடிப்பது நெடுநாளாக இருக்கும் கைத்தொழில். தண்ணீர் புகுந்து டயல் கெட்டுப்போனால் சொந்தக்காரரே கேட்டுச் செய்துகொண்டது அது. சுவிட்சர்லாந்திலும் செய்தார்கள். அதைச் செய்யும் கைகளின் திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். பேச வேண்டியது வேறு. மும்பையில் இந்த வேலை மொத்த வியாபாரமாக மாறியது. மூன்று நான்கு பிணங்களிலிருந்து உறுப்பெடுத்து, தேய்ந்த கேஸைப் பாலிஷ் போட்டு, நிறுவனம் ஒருநாளும் செய்யாத நிறத்தில் டயல் அடித்து, "அசல் பழைய வாட்ச்" என்று உலகம் முழுக்க விற்றார்கள். பாஸி.காம் தளத்தை 2004இல் வாங்கி ஈபே இந்தியாவுக்குள் வந்தது, அந்த வியாபாரத்துக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகும், இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பது நிற்கவில்லை. உள்ளூரில் வாட்ஸ்அப் குழுக்களில் ஏலம் நடக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்ட வாட்சை மும்பையின் பெயராலேயே அழைக்கிறார்கள். எச்.எம்.டி. மட்டுமில்லை, 1865லிருந்து பம்பாயில் கடை வைத்திருந்த ஃபேவர்-லூபா, இந்தியச் சிப்பாய்களின் கையில் நெடுங்காலம் இருந்த வெஸ்ட் எண்ட் என்று நம் நாட்டில் நிறைய விற்ற சுவிஸ் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது.

அடையாளம் காண்பது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். படத்தைப் பெரிதாக்கி டயல் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஆலையில் அச்சான எழுத்து கூர்மையாக நிற்கும். மறுபடி அடித்தது கொஞ்சம் தடித்து, ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வருகின்றனவா என்று பாருங்கள். மறு அச்சில் ஏதாவது ஓரிடத்தில் கோடு விலகிப்போகும். சுவிஸ் வாட்சில் ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் என்ற பொடி எழுத்து இருக்க வேண்டும். அது காணாமல் போயிருந்தாலோ தடித்துப் பெரிதாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். பெரிய முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், சின்ன முள் எண்களின் உள்விளிம்பு வரை போக வேண்டும். குட்டையான முள் வேறு வாட்சிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் விட எளிய சோதனை ஒன்று உண்டு. கேஸ் தேய்ந்து, பின்மூடி கீறி, வார் மாட்டும் காதுகள் மழுங்கியிருக்கும்போது டயல் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் இருந்தால், அது நேற்றுப் பிறந்ததேதான்.

பழைய வாட்சில் டயலுக்கு இவ்வளவு மரியாதை ஏன்? மற்ற எதையும் மாற்றலாம், சரிசெய்யலாம். டயலை ஒருமுறை கழுவிவிட்டால் ஆலை அச்சடித்தது திரும்பாது. விலையும் அங்கேதான் இருக்கிறது. 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனாவை ஏலம் விட்டது. கட்டணங்கள் சேர்த்து 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. அந்த வகை டயல் உள்ள டேடோனாவுக்கே அவர் பெயர்தான் வழங்குகிறது. அதே காலத்து, அதே மெஷின் உள்ள, சாதாரண டயல் டேடோனா அதன் பக்கத்தில்கூட வராது. நம் ஜனதாவுக்கும் கணக்கு இதுதான், தொகைதான் வேறு. தேவநாகரியில் பெயர் எழுதிய ஜனதா, கைபடாத கறுப்பு டயல் பைலட் இவற்றை எவ்வளவு அழுக்காக இருந்தாலும் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள்.

இனி ஓடாத வாட்சுக்கு வருவோம். இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது கம்ப்யூட்டர் திரை இல்லை, ரிப்பேர்க்காரரின் மேசை. வில்லியனூரிலோ பாகூரிலோ கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் "இது ஓடுமாண்ணே?" என்று நீட்டிப் பாருங்கள். அவர் முதலில் தலையைத் திருகுவார். எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால், சாவி வாட்சில் பெரும்பாலும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. அது போனால் போகட்டும், வேறு போட்டுக்கொள்ளலாம். திருகவே முடியாமல் இறுகி நின்றுவிட்டால், உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பற்சக்கரங்களைப் பிடித்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சாவி கொடுத்ததால் வாட்ச் நின்றுவிட்டது என்று ஏலக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். நம் வீடுகளிலும் பிள்ளைகளை அப்படித்தான் திட்டினார்கள். நல்ல நிலையில் இருக்கும் வாட்சை முழுக்க இறுக்கினாலும் அது ஓடத்தான் செய்யும். இறுகி நிற்கும் வாட்சுக்கு வேண்டியது கழுவி எண்ணெய் போடுவது. ஆகவே இப்படி எழுதியிருக்கும் வாட்சைக் கண்டு ஒதுங்க வேண்டாம். பலர் ஒதுங்குவதால் அது மலிவாகக் கிடைக்கும்.

பிறகு பின்மூடியைத் திறந்து பேலன்ஸ் சக்கரத்தைப் பார்ப்பார். ஜனதாவுக்குள் இருப்பது 0231 என்ற 17 கல் மெஷின். பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை அடிக்கும். அந்தச் சக்கரத்தின் அச்சு முனை ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். வாட்ச் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். அதைக் காப்பாற்றத்தான் சுவிஸ்காரர்கள் 1930களில் இன்காப்ளாக் என்ற அதிர்வுதாங்கியைக் கொண்டுவந்தார்கள். சிட்டிசன் வழியில் வந்த எச்.எம்.டி. டயல்களில் 'பாரா ஷாக்' என்று பெருமையோடு அச்சிட்டிருப்பதும் அதே வேலைக்கான ஏற்பாடு. வாட்சை லேசாக ஆட்டும்போது பேலன்ஸ் தாராளமாக ஊசலாடி அடங்கினால் அவர் முகம் தெளியும். ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் அச்சு போய்விட்டது. ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காந்தம் ஏறியிருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. யாரோ அவசரக் கைக்காரர் வளைத்து நெளித்திருந்தால் வேறு பேலன்ஸ் தேட வேண்டியதுதான்.

அவர் பயப்படுவது துருவுக்கு. பன்னித்திட்டு, மூர்த்திக்குப்பம் போன்ற பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வயலில் இறங்கி வேலை செய்தவரின் கையில் வியர்வை ஓயாது. பழைய வாட்சின் தலை வழியாகவும் விரிசல் விட்ட கண்ணாடி வழியாகவும் இரண்டும் உள்ளே போகும். எஃகுப் பற்சக்கரத்தில் செம்பழுப்புப் பொடி தெரிந்தால், தலைத்தண்டின் பக்கம் துரு பூத்திருந்தால், அந்த வாட்சை ஓடவைக்க வாங்காதீர்கள். டயலும் முள்ளும் நன்றாக இருந்தால் உதிரிக்காக வாங்கலாம். குரோம் பூசிய பித்தளைக் கேஸில் விழுந்த குழிகளும் போகாது. பாலிஷ் போட்டால் குரோம்தான் போகும், எழுத்தும் காதின் கூர்மையும் போகும். கண்ணாடி, வார், தலை மூன்றும் இல்லாதது குறையே இல்லை. ஜனதாவின் கண்ணாடி அக்ரிலிக் என்பதால் கீறல் மட்டும் என்றால் தேய்த்தே போக்கிவிடலாம்.

பின்மூடியின் உட்புறத்தை ஏலக்காரரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீசின்போதும் ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் தேதியோ தங்கள் குறியோ கீறிவைப்பது வழக்கம். நாலைந்து கீறல்கள் இருந்தால், இந்த வாட்சை ஒருவர் ஆசையாக வைத்துப் பராமரித்திருக்கிறார் என்று அர்த்தம். வேறெந்தச் சான்றிதழையும்விட அந்தக் கீறல்களை நான் நம்புவேன். டயலை நேராக எடுத்த படம், பக்கவாட்டில் தலை தெரியும் படம், மெஷின் தெரியும் படம், இவை மூன்றும் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

ஏலம் கேட்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்காதது ஏன் என்பது கேள்வி. ஒரு பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, சிலர் குறைத்து மதிப்பிடுவார்கள், சிலர் கூட்டி மதிப்பிடுவார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் எல்லாரிலும் கூடுதலாக மதிப்பிட்டவர். ஆகவே ஜெயித்த நொடியிலேயே அவர் அதிகம் கொடுத்துவிட்டார். இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர் வந்தது. ஓடாத வாட்சுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, பல சமயம் விற்பவருக்கும் தெரியாது.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இதே மாதிரி வாட்ச் நல்ல நிலையில், அசல் டயலோடு, 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர்க்காரர் சர்வீசுக்கு 700 சொல்கிறார். கண்ணாடி, தலை, வாருக்கு 500. தபாலுக்கு 100. எதிர்பாராத ஒரு பழுதுக்கு 400 எடுத்துவையுங்கள். மீதி 800. அதுதான் நீங்கள் கேட்கக்கூடிய மேல்விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. தளத்தில் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி இருந்தால் அதைப் பதிந்துவிட்டுத் தூங்கப் போங்கள். இரண்டாவது ஆளைவிட ஒரு படி மேலே மட்டும்தான் உங்கள் விலை ஏறும். கடைசி நிமிடத்தில் விழித்திருந்து எதிராளியோடு மல்லுக்கட்டுவதில்தான் பணம் போகிறது. அந்த நேரத்தில் மனம் வாட்சை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

வெளிநாட்டு ஏலத்தில், குறிப்பாகப் பிரான்சிலிருந்து லிப் வாட்ச் எடுக்க ஆசைப்படுபவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், தொழில் இயந்திரங்கள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அனுமதி வேண்டும். 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய வழியும், 2019 டிசம்பரில் வந்த அறிவிப்புக்குப் பிறகு அடைபட்டுவிட்டது. பார்சல் சுங்கத்தில் நின்றால் வாட்சும் போகும், பணமும் போகும். பாரிஸில் இருக்கும் மாமா விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கையில் கட்டிக்கொண்டு வருவது வேறு விஷயம், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த வழி புதிதும் இல்லை. எதிர்த் திசைக்கும் சட்டம் உண்டு. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்க 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடையாக நிற்கும். கொள்ளுத்தாத்தாவின் பாக்கெட் வாட்சை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பணத்தைவிடப் பெரியது. 1910களிலிருந்து 1950கள் வரை வந்த பல சுவிஸ் வாட்சுகளில், இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் பூசப்பட்டது ரேடியம் கலந்த பெயின்ட். அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, இளம்பெண்கள் அந்தப் பெயின்டைப் பூசினார்கள். தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைத்து இழுக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகி, இரத்தம் கெட்டு, பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலிட நோய்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட அந்தப் பெண்கள் காரணமானார்கள்.

அந்த ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். பழைய வாட்ச் இப்போது ஒளிரவில்லை என்பதால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒளி கொடுக்கும் துத்தநாகக் கலவைதான் தீர்ந்திருக்கிறது, கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. மூடிய வாட்ச் பீரோவில் இருந்தால் பெரிய பயமில்லை. கண்ணாடி உடைந்து, பூச்சு உதிர்ந்து, பொடியாகக் கிடக்கும் வாட்ச்தான் ஆபத்து, மோசமான நிலையில் ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. பழுப்பாக, தடித்து, வெடித்த பூச்சு எண்களில் தெரிந்தால் வீட்டில் திறக்காதீர்கள், ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள், சாப்பாட்டு மேசைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், மூடிய பையில் வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள். காலையிலிருந்து மாலைவரை அந்தப் பொடிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் அவர். டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம். 12 ஆண்டு சொச்சத்தில் பாதியாகக் குறைவது, ரேடியத்தோடு ஒப்பிட்டால் மிகவும் சாது.

தாத்தாவின் வாட்சோடு இன்னொன்றை வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒன்றை ஓடவைக்கலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். தாராளமாகச் செய்யுங்கள். தாத்தாவின் டயல், முள், கேஸ் மூன்றையும் தொடாமல் வைத்துக்கொண்டு, ஏலத்தில் வந்ததிலிருந்து பேலன்ஸையோ ஸ்பிரிங்கையோ எடுத்துப் போடச் சொல்லுங்கள். மாற்றிய உறுப்பைச் சிறு தாளில் எழுதி, கழற்றியதையும் சேர்த்துக் கவரில் போட்டு வையுங்கள். என்றாவது விற்க நேர்ந்தால், வாங்குபவரிடம் அந்தத் தாளையும் கொடுங்கள். மும்பைக்காரர் செய்த அதே வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள், மறைக்காமல் செய்கிறீர்கள்.

இதையெல்லாம் செய்துகொடுக்க ஆள் வேண்டுமே என்பதுதான் என் கவலை. கொம்யூன் ஊர்களில் வாட்ச் ரிப்பேர் போர்டு இன்னும் தொங்குகிறது, ஆனால் உள்ளே பேட்டரி மாற்றுவதும் வார் போடுவதும் மொபைல் கவர் விற்பதும்தான் பிழைப்பு. சாவி வாட்சைப் பிரித்துக் கழுவிக் கோக்கத் தெரிந்த பலருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. கடை மூடும்போது பொடி டப்பாக்கள் எடைக்குப் போகின்றன. கண்ணாடி, தலை, தண்டு, ஸ்பிரிங், பேலன்ஸ் என்று 40 ஆண்டுகளாகச் சேர்த்தவை அவற்றுக்குள் இருக்கும். சில காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும். சில "ரிப்பேர்க் கடைச் சாமான், மொத்தமாக" என்ற பெயரில் இணைய ஏலத்துக்கு வரும். அழகான படம் இருக்காது, போட்டியும் அதிகம் இருக்காது.

அப்படியொரு பெட்டி கண்ணில் பட்டால், நாலு பேர் பணம் போட்டு எடுங்கள். உங்கள் ஊரில் இன்னும் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் 0231 மெஷினுக்கு இரண்டு பேலன்ஸ் கிடைத்தாலும் இரண்டு வீட்டு ஜனதா ஓடும்.

(தொடரும்)